ஊர் கேட்காதவர்

எங்கள் லாட்ஜில் கவுண்டரைப் பார்த்துக்கொள்ள வந்த மனுஷர், முதல் வாரமே ஆசாரியைக் கூட்டி வந்து கவுண்டரின் கால்களை அறுக்க வைத்துவிட்டார். என்னிடமும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரிடமும் கேட்கவில்லை. நான் தென்காசியிலிருந்து பஸ் பிடித்துக் குற்றாலத்தில் வந்து இறங்கிப் பார்த்தால், என் மாமனார் செய்து போட்ட தேக்குக் கவுண்டர், நெஞ்சு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது, சாப்பாட்டு மேஜை உயரத்துக்குக் குறைந்து நிற்கிறது. தரையெல்லாம் மரத்தூள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு இன்னும் நீண்டது.

"யாரைக் கேட்டு அறுத்தீங்க அண்ணாச்சி?" என்று கத்தினேன்.

"வர்றவங்க உக்காந்து பேசணும் தங்கச்சி. நின்னுகிட்டு அண்ணாந்து பேசினா மனுசனுக்குப் பயத்துல தப்புத் தப்பா வாயில வரும்" என்றார். சொல்லிவிட்டுக் கவுண்டருக்கு முன்னால் ஒரு பெஞ்சையும் இழுத்துப் போட்டார்.

அவர் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. குற்றாலத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. சிலோன்காரர் என்றால்தான் தெரியும். பூக்காரி முதல் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரை எல்லோருக்கும் சிலோன்காரர்தான். அப்படிக் கூப்பிட்டால் முகம் சுண்டிப்போகும் என்று நான் சீக்கிரமே கண்டுகொண்டேன். அதனால் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில், கப்பல் கப்பலாக இலங்கைத் தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது வந்தவர். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தலையில் படிய வாரிய எண்ணெய். டீயைத் தேத்தண்ணி என்பார். அதைத் தவிர அவர் பேச்சில் சிலோன் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை.

சீசனில் லாட்ஜ் எப்படி இருக்கும் என்று குற்றாலத்தில் தங்கியவர்களுக்குத் தெரியும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் வாசலில் ஆள் மேல் ஆள். ஈர வேட்டி, ஈரத் துண்டு, அழுகிற பிள்ளைகள், கேரளத்துப் பக்கமிருந்து கூட்டமாக வந்து இறங்குகிறவர்கள். மற்ற லாட்ஜ்களில் எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று நிற்க வைத்துக் கேட்பார்கள். இவர் முதலில் உட்காரச் சொல்வார். தண்ணீர் கொடுப்பார். பிள்ளைக்கு ஏதாவது வேண்டுமா என்பார். பெஞ்செல்லாம் ஊறி உளுத்துப்போகும் என்று நான் முணுமுணுத்தால் காதில் விழாத மாதிரி இருப்பார். எல்லாம் முடிந்த பிறகு, "எதுல வந்தீங்க?" என்பார். எந்த ஊர் என்று மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்கமாட்டார்.

ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் தங்குவோர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டார். ஊர் என்று போட்டிருந்த இடத்தில் ஒருவருக்குக் கொல்லம் பாசஞ்சர் என்றும், இன்னொருவருக்கு மதுரை பஸ் என்றும் எழுதி வைத்திருந்தார் அண்ணாச்சி. ஒரு குடும்பத்துக்கு எதிரே 'சொந்தக் கார்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, என் வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. அதற்குப் பிறகு ஊரை எழுதுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். அப்போதும் நான் "எந்த ஊரு?" என்று வாயைத் திறந்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிட்டால் போதும், விடமாட்டார். தேத்தண்ணி வரவழைத்து, நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் கேட்பதுபோல் சம்பளம் எவ்வளவு, குளிர் எப்படி, தங்கம் என்ன விலை என்றெல்லாம் கேட்கமாட்டார். ஒரே கேள்விதான். "உங்களை அந்த நாட்டுக்குள்ள விட்டப்ப முதல்ல என்ன கேட்டாங்க?"

வடகரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். சட்டைப் பையில் வெளிநாட்டு சிகரெட். "ஊரெல்லாம் அங்கன கேக்க மாட்டான் அண்ணாச்சி. உன் முதலாளி யாரும்பான், அவ்வளவுதான். முதலாளி வந்து பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிடுவான். அவன் தந்தாத்தான் நாம ஊருக்கு வர முடியும்" என்றார். அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டே கேட்டார். எத்தனை வருஷம் இருந்தாலும் அங்கத்து ஆளாக முடியுமா என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். "அத யாருவே நினைச்சா? வேலைக்குப் போறோம், வாரோம்." ஏமாற்றவில்லை, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள் என்று அண்ணாச்சி அந்த நாட்டுக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுத்தார்.

மலேசியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் ரப்பர் தோட்டத்தில் தலை நரைத்தவர். அவருக்குச் சிவப்பு அடையாள அட்டை, அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு நீல அட்டை. நீலம் என்றால் பிரஜை, சிவப்பு என்றால் வெளியாள். ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு அப்பா வெளியாள், மகன் உள்ளாள். வேலை செய்வதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று வந்ததும் மனசு வெறுத்துப் புறப்பட்டுவிட்டாராம். அதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கேரளத்து நர்ஸ் ஒருத்தி இங்கிலாந்திலிருந்து வந்தாள். அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லையாம், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காசநோய் இல்லை என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூட்டிப் போனார்களாம். அறையில் கட்டிலும் போர்வையும் தயாராக இருந்ததாம். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் மலர்ந்துபோனது. "கட்டில் போட்டு வச்சிருந்தாங்களா!" என்று இரண்டு தடவை கேட்டார். ஆனால் அவள் புருஷனை விடவில்லை, அவன் இங்கே வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தான் என்று அவள் சொன்னதும் மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

கனடாவில் டாக்டராக இருந்த தென்காசிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அந்த நாட்டில் சில வருஷம் ஒழுங்காக இருந்தால் போதுமாம். கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொல்லி, இனிமேல் நீங்களும் எங்கள் ஆள் என்று கையைக் குலுக்கிவிடுவார்களாம். அண்ணாச்சிக்கு நம்ப முடியவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்கவே இல்லையா என்றார். டாக்டர் சொன்னார்: "ஆபீஸ்ல கேக்கல அண்ணாச்சி. தெருவுலதான் தினமும் கேக்கான். நீ நிஜமா எந்த ஊருன்னு."

டாக்டர் குளிக்கப் போன பிறகும் இவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சீசன் முழுவதும் அதையே என்னிடம் பேசிப் பேசி உயிரை எடுத்தார். மலேசியாவில் தெருவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கோயில் கட்டிக் காவடி எடுக்க விட்டார்கள், ஆபீஸ்தான் கதவைச் சாத்தியது. கனடாவில் ஆபீஸ் திறந்துவிட்டது, தெருதான் இன்னும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. இரண்டில் எது தேவலை தங்கச்சி என்பார். அரிசி களைந்துகொண்டிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது. ஆபீஸ் திறந்தால் போதாதா, தெருவில் கேட்கிறவனுக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்றேன். "எனக்கு ரெண்டுமே நடந்திருச்சும்மா, அதான் கேக்கறேன்" என்றார். அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார்.

அவர் பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடு. அப்பாவும் அங்கேயே பிறந்தவர். பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டார், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உயரமான மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆள். முதல் கேள்வி, "உன் சொந்த ஊர் எது?"

நம் ஆட்களில் எவரைக் கேட்டாலும் என்ன சொல்வோம்? பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவனும் தென்காசி என்பான், கடையம் என்பான். குலதெய்வம் எங்கே இருக்கிறதோ அதுதான் நமக்குச் சொந்த ஊர். இவரும் நெஞ்சை நிமிர்த்தி, "கீழப்பாவூருங்க" என்று சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாரா? அங்கே நரசிம்மர் கோயில் ரொம்ப விசேஷம், எங்க தாத்தா அந்தத் தெப்பக்குளத்துல நீச்சல் படிச்சவரு என்று, கண்ணால் பார்த்தே இராத ஊரைப் பற்றிப் பெருமை வேறு. அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடி ஆகிவிட்டது. இந்தியாக்காரன் என்று அவன் வாயாலேயே சொல்கிறானே என்று எழுதியிருந்தார்களாம்.

அவர் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தது பக்கத்துத் தோட்டத்தில். அந்தச் சம்பந்தி அதே மேஜைக்கு முன்னால் நின்று, அதே கேள்விக்குத் தோட்டத்தின் பேரைச் சொன்னார். ஊர் என்று கேட்டது அவருக்குச் சரியாகக் காதில் விழாததால் எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டதாக நினைத்துவிட்டாராம்! அவர்களுக்குப் பிரஜா உரிமை கிடைத்தது. மகள் அந்த வீட்டோடு அங்கேயே நின்றுவிட்டாள். பெண்டாட்டியை ஏற்கெனவே அந்த மண்ணில் புதைத்தாகிவிட்டது. இவர் ஒருத்தர் மட்டும் கப்பல் ஏறினார்.

வந்ததும் நேராகக் கீழப்பாவூருக்குத்தான் போயிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. யார் பேரன், எந்தத் தெரு என்று மாறி மாறிக் கேட்டார்கள். கடைசியில் ஒரு கிழவனாருக்குத் தாத்தாவின் பட்டப்பேர் ஞாபகம் வந்தது. உடனே வீட்டில் இருந்தவர்கள் முகம் மாறிவிட்டது, வயலில் பங்கு கேட்டு வந்திருக்கிறானோ என்று. நல்ல மனுஷர்கள்தான், இலை போட்டுச் சோறு போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், "அப்ப, சிலோனுக்கு எப்பத் திரும்பப் போறீங்க?" என்று கேட்டார்களாம்.

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார்.

எண்பத்து மூன்றில் கொழும்பிலும் மலையகத்திலும் வீடுகளை எரிக்கிறார்கள் என்று ரேடியோவில் வந்தது. அவர் ரேடியோவை விட்டு நகரவில்லை. கவுண்டரில் யார் வந்து நிற்கிறார்கள் என்றே பார்க்கவில்லை. எத்தனையோ நாள் கழித்து ஒரு காலையில், இடுப்பில் பெண் பிள்ளையும் கையில் ஒரு துணிப் பையுமாக வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். படகில் ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் பதிந்து, அப்பாவைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பதுளையில் அவர்கள் வைத்திருந்த சின்னக் கடை சாம்பலாகிவிட்டது. மாமியார் படுத்த படுக்கை, அவளை விட்டு வர முடியாமல் புருஷன் அங்கேயே இருந்துவிட்டான். அண்ணாச்சி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். எல்லோருக்கும் கொடுப்பதுபோல் முதலில் தண்ணீர் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் எனக்கு அந்தப் பெண் இல்லாமல் அடுப்படி ஓடாது என்று ஆகிவிட்டது. தேங்காய்ச் சம்பல் இடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றியது. எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, இவர்கள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று நான் அருவியைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

அனுமதி முடிகிற சமயத்தில் விசாரிக்க ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். கடையத்துக்காரர், தன்மையானவர். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார்: "உங்க அப்பா கீழப்பாவூர்க்காரரு, இந்தியப் பிரஜை. நீங்களும் சொந்த ஊரு கீழப்பாவூருதான், இனிமே இங்கனதான் இருப்பேன்னு சொல்லுங்க. நான் நல்லபடியா எழுதி மேல அனுப்புதேன். முகாமுக்குப் போக வேண்டாம். ஆனா ஒண்ணும்மா, அப்படிச் சொல்லிட்டா பொறகு அங்கன திரும்பிப் போறது நடக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் அப்பாவைப் பார்த்தாள். நான் அவள் தோளைத் தொட்டு, "சொல்லு பிள்ளே" என்றேன்.

அண்ணாச்சிதான் சொன்னார். "அவ ஊரு பதுளைங்க. அப்படியே எழுதிக்குங்க."

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா" என்று அவளிடம் திரும்பினார். "ஆமாங்க. பதுளை" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

மறுநாள் மதுரைப் பக்கம் ஒரு முகாமுக்கு அவளையும் பிள்ளையையும் அண்ணாச்சியே கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்ற மகளைத் தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிற மனுஷரைப் பார்த்தால் கோபம் வருமா வராதா? பொறுக்காமல் கேட்டே விட்டேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். அவள் புருஷன் அங்கே இருக்கிறான், அவள் பிறந்த இடம் அங்கே இருக்கிறது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தனக்கு ஒருத்தனுக்குத் திரும்பிப் போகிற வழி அடைபட்டது போதும், அவளுக்கும் அதை அடைக்கத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றார். "கூட வச்சுக்க எனக்கு ஆசை இல்லைன்னு நினைக்கிறியா தங்கச்சி?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

மாதாமாதம் முகாமுக்குப் போய்ப் பார்த்து வருவார். பேத்திக்கு நேந்திரங்காய் வற்றலும் பாவாடைத் துணியும் வாங்கிப் போவார். திரும்பி வந்ததும் நம் நாட்டையும் தன் கணக்கில் சேர்த்துப் பேசுவார். யார் எவர் என்று பார்க்காமல் கரையிறங்க விட்டார்கள், அரிசி கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள், இதையெல்லாம் மறைக்கக் கூடாது என்பார். ஆனால் உள்ளே விட்டவர்களை அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எவருக்கும் தெரியவில்லை, சாயங்காலமானால் தலையை எண்ணிக் கதவைச் சாத்துகிறார்கள் என்பார். இப்படி எல்லா நாட்டையும் நிறுத்துப் பார்த்தவர், கடைசிவரை எந்த நாட்டுக்கும் முதலிடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் வரிசை மாறிக்கொண்டே இருந்தது.

சில வருஷம் கழித்து இரண்டு அரசாங்கமும் பேசி, திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று வந்தது. இலங்கைப் பிரஜை என்று பதிந்திருந்ததால் மகள் பேர் சுலபமாகச் சேர்ந்துவிட்டது. புறப்படுவதற்கு முன்னால் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகப் பிள்ளையோடு வந்தாள். அடுப்படியில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இங்கேயே இருந்துவிட ஆசை இல்லையா என்று கேட்டேன். "இருக்கு அக்கா. அப்பாவ விட்டுட்டுப் போக மனசே இல்ல. ஆனா இவ அப்பா அங்க எங்களுக்காகக் காத்துக் கிடக்காரு" என்றாள்.

மதுரை பஸ் ஏற்றிவிடத் தென்காசி பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். பேத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. மகள் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன்ப்பா."

நம் வீடுகளில் புறப்படுகிறவர்கள் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். நிற்கிறவர்களும் போ என்று சொல்லமாட்டார்கள். பக்கத்துத் தெருவுக்குக் கருவேப்பிலை வாங்கப் போகிறவளிடம்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்வோம். வெறும் 'போ' இழவு வீட்டுச் சொல்.

"வர வேணாம்மா. போ" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழங்கையால் அவரை இடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னார். "போ. போய் அங்கயே இரு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறைகிறவரை அவர் கையை அசைக்கவில்லை.

"பெத்த வாயால போன்னு சொல்லலாமா அண்ணாச்சி?" என்று நான் அழுதுகொண்டே திட்டினேன்.

"கீழப்பாவூர்ல எங்க தாத்தாகிட்டயும் போயிட்டு வான்னுதான் சொன்னாங்க தங்கச்சி" என்றார். "பதுளையில எங்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. எங்க வீட்டுல யாருமே ஒரு இடத்துக்குப் போய்ச் சேரல. இவளாவது ஒரு இடத்துக்குப் போய்ச் சேரட்டும்."

சொல்லி முடித்துவிட்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில், துண்டால் முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதார்.